நாய் ஏன் தரையில் தேய்க்கிறது?

நாய் நன்றாக நடந்து வருகிறது. திடீரென்று உட்காருகிறது. பின்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டுகிறது. முன்னங்கால்களை ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டே போகிறது. அதன் பின்புறம் தரையில் தேய்கிறது.

இதைப் பார்த்துக் குழந்தைகள் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். "டாமி வண்டி ஓட்டுகிறது!" என்கிறார்கள்.

"வயிற்றில் பூச்சி இருக்கிறது. வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடு" என்கிறாள் பாட்டி.

"இப்போதுதான் தரையைத் துடைத்தேன். அதை வெளியே துரத்துங்கள்" என்கிறாள் அம்மா.

நாய் விளையாடவில்லை. சேட்டையும் செய்யவில்லை. அதற்குப் பின்புறத்தில் வலிக்கிறது. அல்லது அரிக்கிறது. வாயில்லாப் பிராணி அதைச் சொல்லும் விதம் இதுதான்.

பல நாய்களுக்கு இந்த வலி எங்கிருந்து வருகிறது தெரியுமா? வாலின் அடியில் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு பைகளிலிருந்து வருகிறது!

இரண்டு பைகள்

நாயின் ஆசனவாயை ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்வோம். 4 என்ற எண் இருக்கும் இடத்தில் ஒரு பை. 8 என்ற எண் இருக்கும் இடத்தில் இன்னொரு பை. இரண்டும் தோலுக்கு உள்ளே, தசைகளுக்கு நடுவே இருக்கின்றன. அதனால் வெளியே தெரியாது.

சின்ன நாய்க்கு இந்தப் பை பட்டாணி அளவு இருக்கும். பெரிய நாய்க்குத் திராட்சைப் பழம் அளவு இருக்கும்.

பையின் சுவரில் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு நீர் ஊறுகிறது. அந்த நீர் பையில் சேருகிறது. ஒவ்வொரு பையிலிருந்தும் மெல்லிய குழாய் ஒன்று ஆசனவாயின் ஓரத்துக்கு வருகிறது. அந்த வழியாக நீர் வெளியேறுகிறது.

ஆண் நாய்க்கும் இந்தப் பைகள் உண்டு. பெண் நாய்க்கும் உண்டு. பூனைக்கும் உண்டு. மனிதனுக்கு இல்லை.

நாற்றமே முகவரி

இந்த நீர் பொல்லாத நாற்றம் அடிக்கும். அழுகிய மீன் நாற்றம் போல இருக்கும். மனிதனால் தாங்க முடியாது.

ஆனால் நாய்க்கு அதுதான் முகவரி!

தெருவில் இரண்டு நாய்கள் சந்தித்தால் என்ன செய்கின்றன? ஒன்றின் பின்புறத்தை இன்னொன்று மோந்து பார்க்கிறது. "நீ யார்?" என்று கேட்கும் கேள்வி அது. ஒவ்வொரு நாய்க்கும் வாடை வேறு. மோந்ததும் அடையாளம் தெரிந்துவிடுகிறது.

மலத்தோடும் இந்த நீர் கொஞ்சம் சேர்ந்து வரும். "இது என் இடம்" என்று மற்ற நாய்களுக்கு அறிவிப்பதற்கு அது உதவுகிறது.

அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி இருக்கிறது. பூனை அளவுதான் இருக்கும். அதற்கும் இப்படி இரண்டு பைகள் உண்டு. பகையைக் கண்டால் வாலைத் தூக்கி, 10 அடி தூரத்துக்கு அந்த நீரைப் பீச்சி அடிக்கும். நாற்றம் தாங்காமல் பெரிய மிருகங்களும் ஓடிவிடும்.

கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் புனுகும் புனுகுப் பூனையின் வால் பக்கத்திலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் அது வேறு சுரப்பி.

பயந்தாலும் நாய்க்கு இந்த நீர் கசிவது உண்டு. தீபாவளி வெடிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒளியும் நாயிடம் திடீரென்று நாற்றம் வரும். ஒரு தடவை வந்து நின்றுபோனால் பயம் இல்லை. அது வியாதி அல்ல.

அடைப்பு எப்படி வருகிறது?

நல்ல நிலையில் உள்ள நாய்க்கு இந்தப் பைகள் தாமாகவே காலியாகும். மலம் கெட்டியாக வரும்போது பைகளை அழுத்தும். உள்ளே இருக்கும் நீர் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

மலம் இளகலாகப் போனால் என்ன ஆகும்? பைகள் அழுந்தாது. நீர் உள்ளேயே தங்கிவிடும். நாள் ஆக ஆக அது கெட்டியாகி, களிம்பு போல ஆகிவிடும். பிறகு மெல்லிய குழாய் வழியாக வர முடியாது. அதுதான் அடைப்பு.

அடைப்புக்குக் காரணங்கள் பல:

அடிக்கடி வயிற்றுப்போக்கு போவது ஒரு காரணம். திடீரென்று சாப்பாட்டை மாற்றினால் வயிறு கெடும். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்குத் தினமும் பால் ஊற்றினாலும் மலம் இளகும்.

உடல் பருமன் இன்னொரு காரணம். பின்புறத்தில் கொழுப்பு சேர்ந்தால் பைகள் சரியாக அழுந்தாது. நாள் முழுவதும் வீட்டுக்குள் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்னும் நாய்க்கு இந்த ஆபத்து உண்டு.

தோல் அரிப்பு வியாதி மூன்றாவது காரணம். காதிலும் பாதத்திலும் அடிக்கடி அரிப்பு வரும் நாய்க்குப் பின்புறத்திலும் வீக்கம் வரலாம். அந்த வீக்கம் குழாயை அடைத்துவிடும்.

சில நாய்களுக்குப் பிறவியிலேயே குழாய் மிகவும் குறுகலாக இருக்கும்.

இங்கிலாந்தில் உள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஓர் ஆராய்ச்சி செய்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் சிகிச்சைக் குறிப்புகளை அது அலசிப் பார்த்தது. முடிவு 2021ல் வெளியாயிற்று. ஓர் ஆண்டில் 100 நாய்களில் 4 நாய்களுக்கு மேல் இந்தத் தொல்லை வந்திருந்தது! ஷிட்சூ, காக்கர் ஸ்பானியல் போன்ற ஜாதி நாய்களுக்கு அதிகமாக வந்திருந்தது. சப்பை மூக்கு நாய்களுக்கும் அதிகம்.

ஆனாலும் இது எந்த நாய்க்கும் வரலாம்.

அறிகுறிகள்

தரையில் தேய்ப்பது முதல் அறிகுறி. மற்ற அறிகுறிகளும் உண்டு.

நாய் பின்புறத்தை ஓயாமல் நக்கும். வாலின் அடியைக் கடிக்கும்.

உட்காரும். யாரோ குத்தியதுபோலச் சட்டென்று எழுந்திருக்கும். திரும்பித் திரும்பிப் பின்புறத்தைப் பார்க்கும்.

மலம் கழிக்கும்போது முக்கும். அழும். சில நாய்கள் வலிக்குப் பயந்து மலம் கழிக்காமலே இருக்கும்.

நாய் படுத்த இடத்தில் மீன் நாற்றம் வீசும். பாயில் பழுப்புக் கறை இருக்கும். குளிப்பாட்டினாலும் நாற்றம் போகாது.

வாலைத் தொட்டால் உறுமும். எப்போதும் சாதுவாக இருந்த நாய் சீறும்.

பூனை தரையில் அதிகம் தேய்க்காது. வால் அடியையே நக்கிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் முடி கொட்டிவிடும். அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்று படிகள்

இந்த வியாதி ஒரே நாளில் முற்றுவது இல்லை. படிப்படியாக ஏறுகிறது.

முதல் படி அடைப்பு. பை உப்பி இருக்கும். நாய்க்கு உறுத்தல் இருக்கும். டாக்டரிடம் போனால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது படி வீக்கம். தங்கிய நீரில் கிருமிகள் பெருகும். நீர் மஞ்சளாக மாறும். ரத்தம் கலந்து வருவதும் உண்டு. வலி அதிகமாகும்.

மூன்றாவது படி சீழ்க்கட்டி. ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு புறம் சிவந்து வீங்கும். தொட்டால் சுடும். நாய்க்கு ஜுரம் வரும். சாப்பிடாது.

அப்போதும் கவனிக்காவிட்டால் கட்டி உடையும். தோலில் ஓட்டை விழும். ரத்தமும் சீழும் வழியும். அன்றுதான் வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். "நேற்று வரை நன்றாக இருந்ததே! எதுவோ கடித்துவிட்டதே!" என்பார்கள்.

எதுவும் கடிக்கவில்லை. நாய் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

பாட்டி சொன்னது சரியா?

பாட்டி சொன்னதிலும் உண்மை உண்டு. பூச்சியாலும் நாய் தேய்க்கும்.

நாய்க்கு நாடாப்புழு வந்தால், அதன் துண்டுகள் மலத்தோடு வரும். ஆசனவாய் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளையாக அரிசி போல இருக்கும். சில சமயம் நெளியும். அதனால் அரிப்பு எடுக்கும்.

இந்தப் புழு எப்படி வருகிறது? நாயின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி மூலம் வருகிறது. அரிப்பு தாங்காமல் நாய் உடம்பைக் கடிக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடுகிறது. பூச்சிக்குள் இருக்கும் புழு நாயின் குடலில் வளருகிறது.

ஆகையால் புழு மருந்து மட்டும் கொடுத்தால் போதாது. தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு மறுபடியும் வரும்.

அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் புழு என்று சந்தேகிக்கலாம். மீன் நாற்றம் வந்தால் பை அடைப்பு என்று சந்தேகிக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எதுவானாலும் டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

டாக்டர் என்ன செய்வார்?

டாக்டர் கையுறை மாட்டிக்கொள்வார். விரலில் வழுவழுப்பான மருந்து தடவிக்கொள்வார். ஆள்காட்டி விரலை ஆசனவாய்க்குள் மெதுவாக விடுவார். கட்டை விரல் வெளியே இருக்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே பையைப் பிடித்து மெல்ல அழுத்துவார். நீர் வெளியே வந்துவிடும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்வார்.

வந்த நீரை டாக்டர் கவனித்துப் பார்ப்பார். தண்ணீராகப் பழுப்பாக இருந்தால் கவலை இல்லை. களிம்பாக இருந்தால் அடைப்பு. சீழோ ரத்தமோ இருந்தால் கிருமி.

கிருமி இருந்தால் பையைக் கழுவி மருந்து விடுவார். வலி அதிகமாக இருந்தால் நாய்க்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டுச் செய்வார்.

சீழ்க்கட்டி இருந்தால் கீறிச் சீழை வெளியேற்றுவார். மாத்திரை கொடுப்பார். நாய் இரண்டு நாளில் துள்ளி ஓடும். அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

புண்ணை நக்காமல் இருக்க, நாயின் கழுத்தில் கூம்பு போன்ற பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள். நாய் அதை வெறுக்கும். பரிதாபப்பட்டுக் கழற்றக் கூடாது. நாய் நக்கினால் புண் ஆறாது.

மறுபடியும் மறுபடியும் வந்தால் ஆபரேஷன் செய்து பைகளை எடுத்துவிடலாம். பை இல்லாமல் நாய் நன்றாக வாழும். ஆனால் அந்த இடத்தில் மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் இருக்கின்றன. அவை சேதப்பட்டால் நாய்க்கு மலம் அடங்காது. ஆகையால் ஆபரேஷன் கடைசி வழி. பழக்கம் உள்ள டாக்டர்தான் அதைச் செய்ய வேண்டும்.

எங்கே போவது?

அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு மட்டும்தான் வைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். "மாட்டாஸ்பத்திரி" என்றே சொல்லிப் பழகிவிட்டது. அங்கே நாய்க்கும் பூனைக்கும் சிகிச்சை உண்டு.

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு வந்த கல்லூரி அது. அதன் ஆஸ்பத்திரிக்குத் தினமும் நாய்களும் பூனைகளும் வருகின்றன. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

கூடாது! கூடாது!

வீட்டில் உள்ளவர்கள் தாங்களே பையைப் பிதுக்கக் கூடாது. வீங்கிய பையை அழுத்தினால் உள்ளேயே உடைந்துவிடும். சீழ் சதைக்குள் பரவும்.

நன்றாக இருக்கும் நாய்க்கு மாதாமாதம் பிதுக்கச் சொல்லவும் கூடாது. தானாகக் காலியாகும் பையைத் தொடத் தேவை இல்லை. அடிக்கடி அழுத்தினால் அதுவே புண்ணாகி வீங்கும். சில நாய்களுக்கு மட்டும் அடிக்கடி அழுத்திவிட வேண்டியிருக்கும். அதை டாக்டர் சொல்லட்டும்.

புண்ணில் மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு எதுவும் போடக் கூடாது. எரிச்சலில் நாய் துடிக்கும். நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். பூனைக்குப் பினாயில் விஷம்.

மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தாலும் உயிர் போகலாம். ஐபுபுரூபன் மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. வலியில் இருக்கும் நாயின் வாலைக் குழந்தைகள் தூக்கிப் பார்க்கக் கூடாது. எவ்வளவு அன்பான நாயும் வலி வந்தால் கடித்துவிடும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

டாக்டரிடம் போகும் வரை நாயை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். வீக்கம் இருந்தால், சுத்தமான துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, 5 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். நாய் கடிக்க வந்தால் விட்டுவிட வேண்டும்.

மறுபடியும் வராமல் தடுப்பது வீட்டாரின் கையில்தான் இருக்கிறது.

மலம் கெட்டியாகப் போகும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நார்ச்சத்து உதவும். வேகவைத்து மசித்த பரங்கிக்காயைச் சாப்பாட்டில் சேர்க்கலாம். சின்ன நாய்க்கு ஒரு ஸ்பூன் போதும். காரட்டும் வேகவைத்துக் கொடுக்கலாம். உப்பு, காரம், எண்ணெய் வேண்டாம். வெங்காயம் கூடவே கூடாது. அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும்.

சாப்பாட்டை மாற்ற வேண்டுமானால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும்.

விருந்து வீட்டுப் பலகாரம், பிஸ்கட், பொரித்த தோல் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். தினமும் காலையும் மாலையும் நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டும். உடம்பு இளைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

டாக்டர் சொல்லும் நாளில் புழு மருந்து கொடுக்க வேண்டும்.

வயதான நாய்க்கு

வயதான நாயைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. அபூர்வமாக இந்தப் பையில் புற்றுநோய்க் கட்டி வருவது உண்டு. ஆரம்பத்தில் வலி இருக்காது. வெளியேயும் தெரியாது. கட்டி வளர்ந்தால் மலம் கழிக்க நாய் முக்கும். சில நாய்களுக்கு இந்தக் கட்டியால் ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். அப்போது நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். சோர்ந்து படுக்கும்.

ஆகையால் வயதான நாய்க்கு ஊசி போடப் போகும்போதெல்லாம், பின்புறத்தையும் ஒரு தடவை பார்க்கும்படி டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் விரலால் தடவிப் பார்த்தாலே கட்டி தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆபரேஷன் செய்து எடுக்கலாம்.

துரத்தாதீர்கள்

நாற்றம் பிடித்த நாயை வீட்டுக்கு வெளியே கட்டிவிடுகிறார்கள். சிலர் தெருவில் விட்டுவிடுகிறார்கள். நேற்று வரை கட்டிலில் படுத்த நாய் இன்று கொல்லையில் படுத்து அழுகிறது. தான் என்ன தவறு செய்தோம் என்று அதற்குத் தெரியாது.

அது தவறு எதுவும் செய்யவில்லை. அடைத்த பையைத் திறந்துவிட டாக்டருக்குச் சில நிமிடம் போதும். பிறகு நாற்றமும் போய்விடும். வலியும் போய்விடும்.

நாய் தரையில் தேய்த்தால் சிரிக்க வேண்டாம். அடிக்கவும் வேண்டாம். அதை அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்!